முதுகைக் காட்டி உக்காந்தவர்

டெரிக் போட்ட வெல்டிங், டெரிக் கண்ணு முன்னாலேயே விட்டுக்கிச்சு.

படார்னு ஒரு சத்தம். மண்ணை அள்ளிட்டு மேல போன பொக்லைனோட இரும்புக்கை, நாலு நாள் முன்னாடி அவன் ஒட்டின அதே இடத்துல பிளந்து, பக்கெட்டோட தரையில விழுந்துச்சு. அந்த ஆட்டத்துல கேபின் கண்ணாடி சில்லு சில்லா போச்சு.

ஆபரேட்டர் முனியப்பன் மெதுவா இறங்கினார். நெத்தியில ரத்தம்.

டெரிக் ஓடினான். ஆள்கிட்ட இல்லை, இரும்புகிட்ட.

உடைஞ்ச இடத்தைக் குனிஞ்சு பார்த்தான். வெல்டிங் உள்ள பூரா பொடிப்பொடி ஓட்டை. இட்லியைப் பிட்டா தெரியுமே, அப்படி. காத்து அடிக்கும்போது மறைப்பு கட்டாம வெல்டிங் பண்ணா இந்த ஓட்டைதான் விழும். அது தெரியாத ஆளா அவன்? காக்ஸ் டவுன்ல இருக்கற வீட்டுக்குப் போய்ச் சேர்ற அவசரம். யார் தார்ப்பாயைத் தூக்கிக் கட்டறதுன்னு அப்படியே போட்டு முடிச்சிட்டான்.

சூப்பர்வைசர் உமேஷ் வந்து நின்னார். அவருக்கு ஓட்டை தெரியும், ஏன் ஓட்டைன்னு தெரியாது.

"ஏனப்பா டெரிக், இதான் உன் வேலையா? உன் தப்புன்னு ஆச்சுன்னா இனிமே நம்ம சைட் எதுலயும் காலை வெக்க முடியாது."

டெரிக் வாயிலேருந்து தானா வந்துச்சு. "ஓவர் லோடு சார். அளவு பார்க்காம அள்ளியிருக்கார்."

சொல்லிட்டுத் திரும்பினா, கர்ச்சீப்பால நெத்தியை அமுக்கிட்டு முனியப்பன் நிக்கறார். குனிஞ்சு அந்த ஓட்டையைப் பார்த்தார். டெரிக் மூஞ்சைப் பார்த்தார். நேரா ஆபீஸ் ஷெட் பக்கம் போயிட்டார்.

மறுநாள் காலைல ரிப்பேர். இரும்புக்கையைக் கழட்டி மரக்கட்டை மேல படுக்க வெச்சிருந்தாங்க. பழைய வெல்டிங்கைக் கடைஞ்சு எடுத்து, இந்த வாட்டி தார்ப்பாயும் கட்டி, டெரிக் ஆரம்பிச்சான்.

வெல்டிங் லைட் எரிஞ்சா யாரும் அந்தப் பக்கம் பார்க்க மாட்டாங்க. கண்ணு போயிடும். அதனால வெல்டர்னாலே நாள் பூரா தனி ஆள்தான். அது அவனுக்குப் பழக்கம். ஆனா இன்னைக்கு லைட் அணைஞ்ச பிறகும் யாரும் பார்க்கலை. டீ குடிக்கப் போனா, நின்னுட்டிருந்தவங்க கிளாஸோட தள்ளிப் போனாங்க.

ஒரே ஒருத்தர்தான் பக்கத்துல இருந்தார். முனியப்பன். தார்ப்பாய் முடியற இடத்துல காலி டப்பாவைக் கவுத்துப் போட்டு, தோள்ல சாக்கைப் போர்த்திட்டு, டெரிக்குக்கு முதுகைக் காட்டி உக்காந்திருந்தார்.

"நெத்தி எப்படி இருக்குண்ணா?"

"இருக்குது."

"தையல் போட்டாங்களா?"

"மூணு."

"இங்க எதுக்குண்ணா உக்காந்திருக்கீங்க? பொறி பறக்குது."

"பறக்கட்டும். நீ வேலையைப் பாரு."

திரும்பக்கூட இல்லை.

மத்தியானம் எல்லாரும் ஷெட்ல வட்டமா உக்காந்து சாப்பிட்டாங்க. டெரிக் லாரி டயர் மேல உக்காந்து டிபன் பாக்ஸைத் தொறந்தான். பொண்டாட்டி ஜூலியாவுக்கு போன் போட்டான், எடுக்கலை. டீச்சர், கிளாஸ்ல இருப்பா. பாதி சாப்பாட்டை மூடி வெச்சிட்டு வந்து பார்த்தா, டப்பா இந்தப் பக்கத்துலேருந்து அந்தப் பக்கம் போயிருக்கு. மேல அதே முனியப்பன், அதே முதுகு.

வேணும்னே வந்து உறுத்தறார்னு டெரிக்குக்குத் தோணிச்சு. பழி போட்டோம்ல, அதுக்குத்தான். நாலு வார்த்தை திட்டியிருந்தா வாங்கிட்டுப் போயிருப்பான். நாலடி தூரத்துல நாள் பூரா ஒரு முதுகு. அதை எப்படித் தாங்கறது?

மூணு மணிக்கு நேரா உமேஷ்கிட்ட போனான்.

"சார், அவரை அங்கேருந்து எழுப்புங்க. எனக்குக் கை ஓடலை."

"யாரு, முனியப்பனா? ஒரு வாரம் வேலைக்கு வராதேன்னு நேத்தே சொல்லியாச்சே. இன்னும் போகலையா அவன்?"

உமேஷ் வந்து சொன்னார். முனியப்பன் எழுந்தார், சாக்கை உதறி மடிச்சார், கேட்டைப் பார்த்து நடந்தார். 

டெரிக் மாஸ்க்கை இறக்கிட்டு மறுபடி ஆரம்பிச்சான். பட் பட்னு தெறிச்சுது. நிறுத்திப் பார்த்தா, மூணு இன்ச்சுக்கு ஓட்டை ஓட்டையா விழுந்திருக்கு.

மாஸ்க்கைத் தூக்கினான். மூஞ்சில காத்து வந்து அறைஞ்சுது.

காலைல இடப்பக்கத்துலேருந்து அடிச்ச காத்து, மத்தியானத்துக்கு மேல வலப்பக்கம் திரும்பியிருந்துச்சு. தார்ப்பாய் எட்டாத இடைவெளி வழியா நேரா உள்ள வருது. அந்த இடைவெளியில வெறும் டப்பா. அதை அடைச்சிட்டிருந்த முதுகு இல்லை.

கேட்டுக்கு ஓடினான். முனியப்பன் நீலசந்திரால இருக்கற வீட்டுக்கு பஸ் ஏறிப் போயாச்சு. போன் அடிச்சான், ரிங் போயிட்டே இருந்துச்சு.

திரும்பி வந்து உமேஷ் முன்னாடி நின்னான். வேலை போனா போகட்டும்.

"சார், அது ஓவர் லோடு இல்லை. என் வெல்டிங்தான் சார் தப்பு. அவர் மேல சும்மா சொல்லிட்டேன்."

உமேஷ் அவனை ஒரு மாதிரி பார்த்தார்.

"நீ சொன்னதை யாருப்பா நம்பினது? உன்னை வெளிய அனுப்பத்தான் இருந்தேன். முனியப்பனே நேத்து ஷெட்டுக்கு வந்து, ஆமா நான்தான் அளவு மீறி அள்ளிட்டேன்னு எழுதிக் குடுத்துட்டுப் போனான்."

உங்களுக்கும் யாராச்சும் இப்படி முதுகைக் காட்டிட்டு உக்காந்திருக்காங்களா? எழுந்து போங்கன்னு நீங்களும் சொல்லிட்டீங்களா?