சொன்னவர் பெயர்

"என்னோட ஆய்வேட்டுலேருந்தே காப்பி அடிச்சு, எங்கிட்டயே கொண்டு வந்து நீட்டறியே, எவ்வளவு துணிச்சல் உனக்கு?"

பேராசிரியை இரண்டு தாள்களை மேசைமேல் அடுத்தடுத்து வைத்தார். ஒன்று மாணவியின் கட்டுரை. மற்றது இருபத்து நாலு வருடங்களுக்கு முன் அவரே எழுதி, பிறகு புத்தகமாகவும் வந்த ஆய்வேட்டின் ஒரு பக்கம். இரண்டிலும் மஞ்சள் பூசியிருந்த வரிகள் அச்சில் வார்த்தது போல ஒன்றாகவே இருந்தன.

'பிள்ளைக்குக் காய்ச்சல்னு சேதி வந்தப்ப கையில நாப்பதாவது விரிப்பு. இருநூறையும் மடிச்சு முடிச்சாத்தான் விடுவாங்க. முடிச்சுட்டு ஓடினேன். பிள்ளைக்குக் காய்ச்சல் இறங்கிடுச்சு. எனக்குத்தான் இன்னும் இறங்கலை.'

மாணவி கட்டுரையைத் தன் பக்கம் இழுத்தாள். இந்த இருபது வயதுக்குள் எந்த ஆசிரியரிடமும் ஒரு திட்டு வாங்கியதில்லை.

"சத்தியமா இது எங்க அம்மா சொன்னது மேடம். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துல வேலை பாக்கறாங்க. நான் பேட்டி எடுத்தேன்."

"ஆராய்ச்சிக் கட்டுரை எழுதற வகுப்புல சத்தியம் செல்லாது. ஆதாரம்தான் செல்லும்."

அவள் அவசரமாகக் கைப்பேசியை எடுத்து, அம்மாவின் குரலைப் போட்டுக் காட்டினாள். பேராசிரியை பாதியிலேயே கையை உயர்த்தினார்.

"என் புத்தகத்தைக் குடுத்துப் படிக்கச் சொன்னா யார் வேணா படிப்பாங்க."

"அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது மேடம்."

"அப்ப நீ மனப்பாடம் பண்ண வெச்சிருப்பே."

எதைச் சொன்னாலும் அதுவே சுருக்காக மாறிக் கழுத்தை இறுக்கியது. 'அந்தக் குழந்தை நான்தான்' என்று கட்டுரையை முடித்திருந்தாள். எழுதும்போது அழுத அந்த வரிக்குக் கீழேயும் இப்போது சிவப்புக் கோடு.

"நாலு மணிக்கு ஒழுங்குக் குழு கூடுது. பேரை அனுப்பிட்டா உன் படிப்பு அதோட சரி. அதுக்குள்ள அம்மாவைக் கூட்டிட்டு வா, பாக்கலாம்."

மூன்றரைக்கு அம்மா வந்தாள். வேலைச் சீருடையை மாற்றக்கூட நேரமில்லை. முழங்கைவரை ப்ளீச்சிங் பவுடர் வாடை. நாற்காலி இருந்தும் உட்காரவில்லை. மகள் என்ன தப்புச் செய்தாளோ என்று கைகளைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

"இதை இவளுக்கு நீங்கதான் சொன்னீங்களா?" பேராசிரியை அந்த வரிகளை உரக்கப் படித்தார்.

அம்மா நிமிர்ந்து பேராசிரியையின் முகத்தையே பார்த்தாள். தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"நீங்க... டேப் ரெக்கார்டரைத் தூக்கிட்டு எங்க மெஷின் ரூமுக்கு வந்த பொண்ணுதானே? அப்ப ஈர்க்குச்சி மாதிரி இருப்பீங்க. நான் இதைச் சொன்னதும் பொலபொலன்னு அழுதீங்களே!"

பேராசிரியை நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தார்.

"ஆமா. நான் அழுதது டேப்ல விழுந்துடுச்சுன்னு அந்த இடத்தை அழிச்சேன். அது யாருக்குமே தெரியாது." மாணவி பக்கம் திரும்பினார். "காப்பி இல்லை. உங்கம்மாகிட்ட நான் கேட்டதைத்தான் நீயும் கேட்டிருக்கே. என்னை மன்னிச்சுடும்மா."

குழுவுக்கு எழுதிய தாளை அவரே நாலாகக் கிழித்துப் போட்டார்.

"அப்ப சொன்னவங்க வேலை போயிடுமோன்னு பயந்து யார் பேரையும் போடலை, 'ஒரு தொழிலாளி'ன்னு மட்டும் எழுதினேன்," என்றார் பேராசிரியை. "அதை எத்தனையோ பேர் எடுத்து எழுதிட்டாங்க. இப்பவாவது சரி பண்ணணும். கீழே அடிக்குறிப்புல அம்மா பேரைப் போடு. என் புத்தகத்துலயும் போடச் சொல்றேன்."

மாணவி பேனாவைத் திறந்து குனிந்தாள்.

"என்னடி எழுதறே?"

"உன் பேரும்மா. ஒரு விஷயத்தை எழுதினா, அதைச் சொன்னது யாருன்னு எழுதணும். இந்த வகுப்புல முதல் நாளே சொல்லிக் குடுத்தது."

அம்மா சட்டென்று குனிந்து, தாளின்மேல் உள்ளங்கையை வைத்து மறைத்துக்கொண்டாள்.

"என் பேரைப் போடாதே."

"பயப்படாதீங்க," என்றார் பேராசிரியை. "இப்ப யாரும் உங்களை வேலையை விட்டு நிறுத்த முடியாது."

"அதுக்கில்லை மேடம்." அம்மா மகளின் முகத்தைப் பார்க்காமல், சிவப்புக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வாயைத் திறந்தா வேலை போயிடும்னு அவ நடுங்கினா. நான்தான் எனக்கு நடந்த மாதிரி சொன்னேன். அவ அடுத்த மாசமே எங்கயோ போயிட்டா. ஆராய்ச்சின்னு யார் வந்து கேட்டாலும், இவ கேட்டப்பவும், எனக்கு அதுதான் வாயில வருது."

"யாரும்மா அவ?" மாணவி பேனாவைக் கீழே வைத்தாள். "அப்ப அந்தக் குழந்தை...?"

"பக்கத்து மெஷின்காரியோடதுடி, பேருகூடத் தெரியாது, எனக்கு அப்பக் கல்யாணமே ஆகலையே!"