இளகிய பாதி

படுக்கை விரிப்பில் வைத்த கையை அவள் எடுக்கவில்லை. சுவரோரப் பாதி, அதாவது அவள் படுக்கிற பாதி, கன்றுக்குட்டியின் காது மாதிரி மெத்தென்று இருந்தது.

அதுதான் உறுத்தியது. புத்தம் புது லினன் விரிப்பு. ஊருக்குக் கிளம்பிய அன்று காலையில்தான் விரித்துவிட்டுப் போயிருந்தாள். அப்போது உப்புத்தாள் மாதிரி கையைக் கடித்தது.

"வந்ததும் வராததுமா என்ன தடவிப் பாக்கறே?" அவளுடைய பெட்டியை உள்ளே கொண்டுவந்து வைத்தபடி கணவன் கேட்டான். "உங்க அக்காவுக்கு எப்படி இருக்கு?"

"முதுகு கொஞ்சம் தேவலை. நானே தூக்கி உக்கார வச்சு, நானே படுக்க வச்சு, என் இடுப்பு போச்சு. இன்னும் கட்டிலை விட்டு இறங்க முடியல, பாவம்."

"பாவம்தான்" என்றான் அவன்.

துணிக்கடையில் விரிப்புப் பிரிவுக்கு அவள்தான் ராணி. "லினன் முதல்ல முரண்டு பிடிக்கும்மா. துவைக்கத் துவைக்க, படுக்கப் படுக்கத்தான் வழிக்கு வரும், புருஷன் மாதிரி" என்று சொல்லியே மூட்டை மூட்டையாக விற்றவள். கண்ணைக் கட்டிவிட்டாலும் எந்த விரிப்பில் எத்தனை பேர் புரண்டார்கள் என்று சொல்லிவிடுவாள் என்று கடையில் பேச்சு. அதில் பாதியாவது உண்மை.

கையை மறுபக்கம் நகர்த்தினாள். கணவனுடைய பாதி. அது இன்னும் அட்டை மாதிரி விறைத்துக் கிடந்தது.

"இதைத் துவைச்சீங்களா?"

"ஒரு தடவை மெஷின்ல போட்டேன்."

"துவைச்சா முழுசும்ல இளகணும்? உங்க பக்கம் அப்படியே இருக்கு. என் பக்கம் மட்டும் ஏன் குழைஞ்சு கிடக்கு?"

"நான் ஹால்ல, சோபாவுலதான் படுத்தேன்."

சோபாவில் தலையணையும் போர்வையும் கிடந்ததை வரும்போதே பார்த்திருந்தாள். நாடகத்துக்கு செட்டு போட்டிருக்கிறான் என்று இப்போது தோன்றியது.

"அப்போ இங்க படுத்தது யாரு? காத்தா?"

அவன் குளியலறைப் பக்கம் திரும்பினான். உள்ளே தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. கூடவே வளையல் சத்தம்.

அவள் அந்தப் பக்கம் கையை நீட்டினாள். "இன்னும் வீட்டுக்குள்ளயே வச்சிருக்கீங்களா! நான் அங்க ராப்பகலா அக்காவைப் பாத்துக்கிட்டிருக்க, நீங்க இங்க... ஒண்ணு அவ இருக்கணும், இல்ல நான் இருக்கணும். இப்பவே முடிவு பண்ணுங்க!"

"முடிவு பண்ணத்தான் நாங்க காத்துக்கிட்டிருக்கோம்" என்றான் அவன், குரலை உயர்த்தாமல்.

அந்த 'நாங்க' அவளைச் சுட்டது. ஓடிப்போய்க் குளியலறைக் கதவைப் படபடவென்று தட்டினாள்.

"வெளிய வாடி! என் இடத்துல படுத்தவ மூஞ்சியை நான் பாக்கணும்!"

தாழ்ப்பாள் விலகியது. ஈரத்தலையைத் துவட்டியபடி ஒருத்தி வெளியே வந்தாள். முதுகு ஈட்டி மாதிரி நிமிர்ந்திருந்தது.

"வாடி தங்கச்சி. என் முதுகு இப்போ எப்படி இருக்கு?"