மஞ்சள் பொட்டு

முதல் அறையிலேயே மெக்கானிக் குணாவின் உதடு கிழிந்தது.

"நேத்துதானடா சர்வீஸ் பண்ண? கேம்ப் ரோடு பூரா ஆயில் ஊத்திகினு வந்துகீது!"

மீன் வேன்காரர் தணிகாசலம் அவன் சட்டையைப் பிடித்து, புதுத் திருஷ்டி பொம்மை நாக்கை நீட்டிக்கொண்டிருந்த வேனின் முகப்பில் மோதினார்.

குணா திமிறி இன்ஜினுக்குள் எட்டிப் பார்த்தான். "ஆயில் பாக்குற டிப்ஸ்டிக் ட்யூப் ஆடுதுண்ணா, அது வழியாத்தான் ஊத்துது. அதப் புடிக்கிற போல்ட்டே காணோம். நான் டைட் பண்ணி, அடையாளத்துக்கு மஞ்ச பெயிண்ட்ல பொட்டு வெச்சுதான் வுட்டேன்."

"பொய் வேறயா?"

வயிற்றில் உதை விழுந்தது. சுருண்டு விழுந்த குணா, பொம்மையையே வெறித்துப் பார்த்தான். இரத்தத்தைத் துப்பிவிட்டு ஸ்பானரோடு எழுந்தான். தணிகாசலம் ஜாக்கி ராடை ஓங்கினார்.

குணா அவரைத் தொடவில்லை. பொம்மையைக் கழற்றினான். அதைப் பிடித்திருந்த போல்ட்டின் தலையில் மஞ்சள் பொட்டு இருந்தது.

"இத யாருண்ணா மாட்னது?"

தணிகாசலம் ஜாக்கி ராடைக் கீழே இறக்கினார். வேனுக்குள்ளிருந்து அவர் மனைவி அங்காளம்மாள்தான் சொன்னாள்:

"இன்ஜின்ல ஒரு போல்ட் சும்மா கீதுன்னு காலைல இவருதான் கழட்டி மாட்னாரு. சர்வீஸ் பண்ண வண்டி மேல எவன் கண்ணும் படக்கூடாதாம்!"