யானைக்குட்டி அழும் இடம்

நான்காவது குழந்தையும் திரும்பி வந்துவிட்டது.

விளையாட்டை மூட, திரையின் மூலையில் இருந்த பெருக்கல் குறியை அந்தப் பையன் அழுத்தினான். உடனே யானைக்குட்டி பொத்தென்று உட்கார்ந்து, காதுகளைத் தொங்கவிட்டு, போறியா என்று கேட்டு அழ ஆரம்பித்தது. பையன் பதறிப்போய் மறுபடியும் விளையாட்டுக்குள் வந்தான். ஏழு தடவை இதே கதை. ஏழாவது தடவை யானைக்குட்டியோடு சேர்ந்து அவனும் அழுதான்.

சோதனை அறையின் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த மேனேஜர் தன் தாளில் ‘மிக நன்று’ என்று எழுதிக்கொண்டார்.

பக்கத்து நாற்காலியில் இருந்தவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

சின்னப் பிள்ளைகள் விளையாடிப் படிக்கும் இணையதளங்களை வடிவமைப்பது அவள் வேலை. ஆபீஸில் பொம்மைக்காரி என்று பேர். முப்பத்தாறு வயசிலும் பொம்மை வைத்து விளையாடிச் சம்பளம் வாங்குகிறாளே என்று காதுபடவே பேசுவார்கள். பொத்தான் எவ்வளவு பெரிதாக இருந்தால் நாலு வயசுக் கட்டைவிரல் தவறாது, எந்த நிறத்தைக் கண்டால் பிள்ளை நக்கிப் பார்க்கும், எல்லாம் அவளுக்கு அத்துப்படி.

அந்த அழுகையை வரைந்ததும் அவள்தான். பந்து தொலைந்துபோகும் காட்சிக்காக வரைந்தது. பிள்ளை பந்தைத் தேடிக் கொடுத்ததும் யானைக்குட்டி துள்ளிக் குதித்துச் சிரித்துவிடும். மேனேஜர்தான் அதைப் பிடுங்கி, விளையாட்டை விட்டு வெளியேறும் வாசலில் நட்டார். அங்கே சிரிப்பே கிடையாது.

மூன்று வாரம் மல்லுக்கட்டினாள். விளையாட்டை விட்டுப் போகிற பிள்ளையைக் குற்றவாளி ஆக்காதீர்கள் என்று கெஞ்சினாள், சண்டையும் போட்டாள். கூடப் பத்து நிமிஷம் பிள்ளைகள் தளத்தில் இருக்குமே, அது கசக்கிறதா என்று அவர் ஒரே பாட்டைப் பாடினார்.

கடைசியில் தொல்லை விட்டால் போதும் என்று அவரே ஒரு வழி சொன்னார். ஐந்து பிள்ளைகளை உட்கார வைப்போம். ஒன்றே ஒன்று அழுகைக்கு மசியாமல் எழுந்து போனாலும் அழுகையை எடுத்துவிடலாம். இல்லாவிட்டால் திங்கட்கிழமை தளம் இப்படியேதான் திறக்கும், அப்புறம் இதைப் பற்றி மூச்சு விடக் கூடாது.

ஐந்தாவதாக வரவேண்டிய பையனுக்கு நேற்றிலிருந்து காய்ச்சல். மாற்றுக் குழந்தையை அவளே ஏற்பாடு செய்தாள். தெரிந்த வீட்டுப் பெண் என்று வரவேற்பில் சொல்லி, படிவத்தையும் தன் கையாலேயே நிரப்பிக் கொடுத்திருந்தாள்.

சோதனை நடத்தும் அக்காவின் விரலைப் பிடித்துக்கொண்டு அந்தக் குழந்தை உள்ளே வந்தது. நாலு வயது. செருப்பைக் கழற்றி ஜோடியாக ஓரத்தில் வைத்துவிட்டு, நாற்காலியில் தொற்றி ஏறியது. யானைக்குட்டிக்கு இலை பறித்து ஊட்டியது. தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டியது. வாலைத் தட்டினால் தும்முகிறது என்று கண்டுபிடித்து, தட்டித் தட்டிச் சிரித்தது. சும்மா சொல்லக் கூடாது, மற்ற நாலு பேரையும்விட அதற்குத்தான் யானையை அதிகம் பிடித்துப்போனது.

பொம்மைக்காரி மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்: போச்சு, இதுவும் போகாது.

ஆடி முடித்ததும் குழந்தை பெருக்கல் குறியை அழுத்தியது. யானைக்குட்டி உட்கார்ந்தது. கண்ணீர் உருண்டது.

குழந்தை குனிந்து, ஒற்றை விரலால் அதன் நெற்றியைத் தடவிக் கொடுத்தது.

“அழக் கூடாது. ரெண்டே நிமிஷம், போயிட்டு வந்துடுவேன்.”

மறுபடியும் குறியை அழுத்தியது. திரை அணைந்தது. திரும்பிக்கூடப் பார்க்காமல் இறங்கிப்போய்ச் செருப்பை மாட்டத் தொடங்கியது.

மேனேஜர் மைக்கைப் பிடுங்காத குறையாக இழுத்து, இரண்டு நிமிஷத்தில் நிஜமாகவே திரும்பி வருமா என்று கேட்கச் சொன்னார். அக்கா கேட்டாள்.

“மாட்டேன்” என்றது குழந்தை, வாரை இழுத்து மாட்டிக்கொண்டே. “அழுதா அப்படித்தான் சொல்லணும்.”

மேனேஜர் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்து முடித்ததும் சந்தேகம் வந்துவிட்டது. சொல்லிக் கொடுத்துக் கூட்டி வந்தீர்களா என்று கேட்டார்.

இல்லை என்றாள். அது பொய்யில்லை. அதை யாரும் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்ததில்லை; தினமும் காலையில் வாசலில் நின்று அழும்போது கேட்டுக் கேட்டுப் பழகியது.

அவர் படிவத்தை எடுத்துப் பார்த்தார். ஊழியர்களின் பிள்ளைகளைச் சோதனையில் சேர்க்கக் கூடாது என்பது விதி. இந்தக் குழந்தை அப்படிப்பட்டதல்ல என்ற கட்டத்தில் டிக் இருந்தது. கொஞ்ச நேரம் பேனாவால் மேசையைத் தட்டினார். பிறகு, சரி, எடுத்துத் தொலையுங்கள் என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

மூன்று வாரச் சண்டையில் ஜெயித்தாயிற்று. எழுந்து வெளியே வந்தாள்.

நடைவழியில் அக்காவும் வரவேற்புப் பெண்ணும் நின்றிருந்தார்கள். நடுவில் குழந்தை, கையில் பரிசுப் பலூனோடு. இவளைக் கண்டதும் முகம் மலர்ந்து ஓடிவர ஓரடி எடுத்து வைத்தது. பிறகு நின்றுகொண்டது.

“நான் நல்லா விளையாடினேனா ஆன்ட்டி?”

ஆபீஸில் அம்மா என்று கூப்பிடக் கூடாது என்று காலையில் பஸ்ஸில் ஒரே ஒரு தடவைதான் சொல்லியிருந்தாள்.