பதினோராயிரம் அடியில் ஒரு குறட்டை

“குறட்டை விடறது நான்தாங்க. மெஷின் போடாம படுத்தா உங்க கூரை நிக்காது” என்றார் லிஃப்ட் மெக்கானிக், கறுப்புப் பையை விடுதிக்காரரின் மேஜை மேல் வைத்தபடி. “கட்டில் பக்கத்துல பிளக் இருக்கிற ரூமாக் குடுங்க.”

“கூரை தகரம் சார். பாத்து விடுங்க” என்று சாவியை நீட்டினார் விடுதிக்காரர்.

மலை ஏறும் வழி நெடுக மெக்கானிக்குக்கு இதே பாட்டுதான். ஜீப் டிரைவரிடம் சொன்னார், பெட்ரோல் போட்டவரிடம் சொன்னார், கேட்காதவர்களிடமும் வலியப் போய்ச் சொன்னார். மூக்கையும் வாயையும் சேர்த்து மூடி, குறட்டை வராமல் காற்றை ஊதுகிற முகமூடியை எடுத்து எல்லோருக்கும் காட்டினார்.

பின்னால் நின்ற சம்பந்தி சிரித்தார். ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். அவர் அடக்கமாகச் சிரித்தாலே கடைசி சீட் வரை கேட்கும். “இதுக்குப் போய் மெஷினா சம்பந்தி? நானும்தான் விடறேன். என் வீட்டுக்காரி காதுல ரெண்டு பஞ்சு வெச்சுக்கிட்டுத் தூங்கிடுவா. விஷயம் முடிஞ்சுது.”

“முடிஞ்சுதா? இவர் குறட்டைக்குப் பயந்து என் பையன் மொட்டை மாடியிலயே வளந்தான்” என்றாள் கண்டக்டரின் மனைவி.

அந்தப் பையனுக்கும் மெக்கானிக்கின் பெண்ணுக்கும் அடுத்த மாதம் கல்யாணம். பெரியவர்கள் நாலு பேரும் முதலில் நன்றாகப் பழகட்டும் என்று சின்னவர்கள் இருவரும் சேர்ந்து செய்த ஏற்பாடு இது. வடக்கே பனிமலையில், பதினோராயிரம் அடி உயரத்தில் இரண்டு நாள்.

அறைக்குள் நுழைந்ததும் மெக்கானிக் நடுச்சுவரைத் தட்டிப் பார்த்தார். இரண்டு அறைகளுக்கும் நடுவே சுவர் என்று ஒன்று இல்லை, வெறும் பலகைத் தடுப்புதான். அந்தப் பக்கம் சம்பந்தி செருப்பைக் கழற்றிப் போடுவது இந்தப் பக்கம் கேட்டது.

மெக்கானிக்கின் மனைவி பாட்டு டீச்சர். வாரத்தில் ஆறு நாள் ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் சுருதி சேர்க்கக் கற்றுக்கொடுப்பவள். கட்டில் ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

“என்னங்க, நான் வரலைன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன், கேட்டீங்களா?” என்றாள் ரகசியக் குரலில். “ராத்திரி ஒரு சத்தம் கெளம்பிச்சுன்னா காலையில அவங்க மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்?”

“ஒரு சத்தமும் கெளம்பாது. நான் எதுக்கு இருக்கேன்?”

சொல்லிவிட்டாரே தவிர, மெஷினைப் போட்டுப் பார்த்தபோது முகம் தொங்கிவிட்டது. வீட்டில் வருகிற காற்றில் பாதிகூட வரவில்லை. டீச்சர் போர்வையை எடுத்துக்கொண்டு, ஜீப்பிலேயே படுத்துக்கொள்ளலாம் என்று கிளம்பிவிட்டாள். மெக்கானிக் அவளைப் பிடித்து உட்கார வைத்துவிட்டு, மெஷின் விற்ற கடைக்குப் போன் போட்டார்.

“எவ்வளவு உயரத்துல சார் இருக்கீங்க?” என்றார் கடையின் டெக்னீஷியன். “ஐயையோ. மேல போகப் போக காத்து லேசாயிடும். உங்களோடது பழைய மாடல், அதுக்குத் தானாத் தெரியாது. மெனுவுல உயரம்னு ஒரு இடம் இருக்கும் பாருங்க. அதை மூணுல வைங்க.”

காலமெல்லாம் மூன்றாம் மாடி, முப்பதாம் மாடி என்று லிஃப்ட் பெட்டியை ஏற்றி இறக்கியவருக்கு இது ஒரு வேலையா? மூன்றில் வைத்தார். மோட்டார் தம் கட்டி எழுந்தது, முகமூடிக்கு நேரே பிடித்திருந்த உள்ளங்கையில் காற்று பளாரென்று அறைந்தது. டீச்சர் அன்று முதல் முறையாகச் சிரித்தாள்.

விளக்கை அணைத்துக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. பலகையைத் தாண்டி வந்தது ஒரு குறட்டை. பாரம் ஏற்றிய லாரி மேடேறுவது போல இழுத்து, உச்சியில் கொஞ்சம் நின்று, தடதடவென்று இறங்கியது.

இந்தப் பக்கம் மெஷினின் மெல்லிய மூச்சைத் தவிர ஒரு சத்தமும் இல்லை. மெக்கானிக் இருட்டில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். மானம் தப்பியது என்ற நிம்மதியில் அவருக்கும் தூக்கம் வந்தது.

காலையில் தேநீர் மேஜையில் கண்டக்டரின் மனைவிதான் முதலில் பேச்சை எடுத்தாள். “மன்னிச்சுக்குங்க சம்பந்தியம்மா. இவர் உங்களைத் தூங்க விட்டிருக்க மாட்டாரு. எனக்குப் பஞ்சு இருக்கு, பழகியும் போச்சு.”

“அதனால என்ன, ஆம்பளைங்கன்னா அப்படித்தான். நம்ம வீட்டுலயும் பாக்கறோமே” என்றாள் டீச்சர், மிகுந்த பெருந்தன்மையுடன். மெக்கானிக் குனிந்து தேநீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பெண்கள் இருவரும் வெயில் காய வெளியே போனார்கள். கண்டக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்தார். அவருக்கு மெதுவாகப் பேசவும் வரும் என்பது மெக்கானிக்குக்கு அன்றுதான் தெரிந்தது.

“பலகை ரொம்ப மெல்லிசு சம்பந்தி. எல்லாம் கேட்டுச்சு.”

மெக்கானிக் கோப்பையைக் கீழே வைத்தார். “சம்பந்தி, இது நமக்குள்ளயே...” என்று இழுத்தார்.

“அட, நான் எதுக்கு வெளிய சொல்றேன்? ஒண்ணே ஒண்ணு மட்டும் எனக்குச் சொல்லிக் குடுங்க.” கண்டக்டர் ஒரு முறை வாசலைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

“குறட்டை விடறது நீதான்னு சம்பந்தியம்மாகிட்ட எப்படிச் சொன்னீங்க? முப்பது வருஷமா என் வீட்டுக்காரிகிட்ட சொல்ல எனக்கு தைரியம் வரலை.”