ஏழு அங்குலத்தில் மஞ்சள் பொத்தான்

மஞ்சள் பொத்தான் மறுபடியும் காணாமல் போனது.

பூதக்கண்ணாடி நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தாள். காலையிலிருந்து கண்ணாமூச்சி காட்டிக்கொண்டிருந்த பிழை கையும் களவுமாகச் சிக்கிவிட்டது.

பூதக்கண்ணாடி என்பது அலுவலகத்தில் அவளுக்கு வைத்த பெயர். செயலிகள் வெளியே போவதற்கு முன் சோதித்துப் பார்ப்பது அவள் வேலை. மற்றவர்கள் கண்ணுக்கு எல்லாம் சரியாக இருக்கும். அவள் பார்த்தால் மட்டும் எங்கேயாவது இடிக்கும்.

அவள் மேஜையில் நிஜ டேப்லெட் ஒன்றுகூடக் கிடையாது. அளவைச் சொன்னால் கணினித் திரைக்குள்ளேயே ஒரு பொய் டேப்லெட்டைச் செய்து கொடுக்கும் எமுலேட்டர்தான் எல்லாம். அதில் செயலியை ஓடவிட்டு, நிமிர்த்தி, குறுக்கே திருப்பி, எழுத்தைப் பெரிதாக்கிப் படாத பாடு படுத்துவாள்.

இன்று வந்திருந்தது பேச முடியாதவர்களுக்கான செயலி. சொல்ல வேண்டியதை எழுதி, கீழே இருக்கும் மஞ்சள் பொத்தானை அழுத்தினால், செயலி அதை உரக்கச் சொல்லும். மதியம் வெளியீடு. பெரிய திரைகளில் எல்லாம் ஜோராக ஓடியது. மேலாளர் கேக்குக்கே சொல்லி அனுப்பிவிட்டார்.

அவள் மட்டும் ஏழு அங்குலத்தை விடவில்லை.

நேராக வைத்தால் பொத்தான் இருந்தது. குறுக்கே திருப்பினாலும் இருந்தது. குறுக்கே திருப்பி, எழுத்தையும் பெரிதாக்கி, தட்டச்சுப் பலகையை வரவழைத்தால்தான் வேடிக்கை. பலகை மேலே வந்து பொத்தானைத் திரைக்கு வெளியே தள்ளியது. பலகை போன பிறகும் பொத்தான் திரும்பி வரவில்லை.

எழுதியது எழுதியபடி நின்றது. சொல்லத்தான் வழியில்லை.

படம் பிடித்து, நிரல் எழுதியவருக்கு அனுப்பினாள். இரண்டு நாற்காலி தள்ளித்தான் உட்கார்ந்திருந்தார். ஆனாலும் அந்த அலுவலகத்தில் எல்லோர் காதிலும் ஹெட்போன். பக்கத்தில் இருப்பவருக்குக்கூடச் செய்தி அனுப்பிப் பேசுவதுதான் வழக்கம்.

எதைக் கேட்டாலும் தள்ளிப்போடுவதால் அவருக்கு ‘நாளைக்கு சார்’ என்று பெயர். படத்தைப் பார்த்ததும் ஒரு காதை விடுவித்துக்கொண்டு திரும்பினார்.

“இந்த சைஸை இப்ப யாருங்க வச்சிருக்கா? இது போகட்டும், நாளைக்குப் பாத்துக்கலாம்.”

அவள் விரல்கள் பறந்தன. ‘ஒருத்தர் வச்சிருந்தாலும் பாக்கணும்.’

அவர் ஒரு சிரிப்புப் பொம்மையை அனுப்பினார்.

அவள் நாற்காலியை உருட்டிக்கொண்டு போய் அவர் பக்கத்தில் நிறுத்தினாள். கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு அம்மிக்கல் மாதிரி உட்கார்ந்துவிட்டாள். இனி இது நகராது என்று நாளைக்கு சாருக்குத் தெரியும். பெருமூச்சு விட்டபடி நிரலைத் திறந்தார்.

முதல் திருத்தத்தில் பொத்தான் தலைகீழாக மேலே போய் ஒட்டிக்கொண்டது. அடுத்ததில் இரண்டு பொத்தான்கள் முளைத்தன. அவருக்கும் சூடு பிடித்துவிட்டது. ஹெட்போனைக் கழற்றி மேஜையில் போட்டார். சட்டைக் கையை மடித்துவிட்டார். கடைசியில், பொத்தானைத் திரையின் அடியோடு கட்டாமல் பலகையின் தலையோடு கட்டிப் பார்த்தார்.

பலகை எழுந்தது. அதன் மேல் மஞ்சள் பொத்தானும் சவாரி செய்துகொண்டு வந்தது.

நாளைக்கு சார் மேஜையை ஓங்கி அடித்தார். அவள் அவர் முதுகில் ஓங்கி அடித்தாள்.

செயலி வெளியே போனதும் கேக்கு வந்தது. அதை வெட்டும்போது அவள் அங்கே இல்லை. அரை நாள் விடுப்புக்கு எழுதிப் போட்டுவிட்டு, வாசல் காவலரிடம் ஒப்படைத்திருந்த பையை வாங்கிக்கொண்டு, ஓட்டமும் நடையுமாக மகளின் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

பள்ளி வாசலில் நின்று பையிலிருந்து டேப்லெட்டை எடுத்தாள். ஏழு அங்குலம். விளிம்பில் கீறல் விழுந்த பழையது. கைப்பேசியின் குரல் அந்த இரைச்சலில் எடுபடாது. இதற்குத்தான் நல்ல தொண்டை.

அவளுக்குத் தொண்டை கிடையாது. மகள் பிறப்பதற்கு முன்பே, ஓர் அறுவை சிகிச்சையோடு அவள் குரல் போய்விட்டது. வீட்டில் சைகையும் உதட்டசைவுமே போதும். வெளியில் மகளைக் கூப்பிட இரண்டு கைத்தட்டல்.

‘அந்த சைஸ் என்னிடம் இருக்கிறது’ என்று ஒரு வரி அனுப்பியிருந்தால் நாளைக்கு சார் அப்போதே செய்து கொடுத்திருப்பார். இரக்கப்பட்டுச் செய்கிற வேலை அவளுக்கு வேண்டாம். பிழை என்பதற்காகவே அதைத் திருத்த வேண்டும்.

மணி அடித்தது. பிள்ளைகள் மடை திறந்த மாதிரி வந்தார்கள். அவள் மகள் வழக்கம்போல் யாரோ ஒரு தோழியின் பின்னால், அம்மா நிற்கும் பக்கத்தை விட்டுவிட்டு எதிர்ப்பக்கம் ஓடினாள்.

வரும் வழியிலேயே இறக்கியிருந்த புதுச் செயலியைத் திறந்து, டேப்லெட்டைக் குறுக்கே பிடித்து, பெரிய எழுத்தில் தட்டினாள். பொத்தான் இருந்தது.

அழுத்தினாள்.

“ஏய் வாலு! நில்லு!”

வாசலே திரும்பிப் பார்த்தது. பிள்ளைகள், அப்பாக்கள், ஆட்டோக்காரர், எல்லோரும். அவள் மகள் மட்டும் திரும்பவில்லை.

அம்மா கூப்பிடுவாள் என்று அந்தக் குழந்தைக்கு எப்படித் தெரியும்?

ஒலியை முழுக்க ஏற்றி, டேப்லெட்டைத் தலைக்கு மேல் தூக்கி, மறுபடியும் அழுத்தினாள்.

மகள் நின்றாள். திரும்பினாள். தோழி முன்னால் மானம் போன முகத்தோடு, பையை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தாள்.

“எதுக்கும்மா இப்படிக் கத்துற?”

அம்மா இன்னொரு முறை கத்தினாள்.