தொப்பியில் இரண்டு பெல்நாப்

முதல் அநியாயம் தாத்தா பெல்நாப் செய்தது. மேட்டுச் சாலையில் விழும் பனியை ஊர்ச் செலவில் அள்ள முடியாது என்று நிறுத்தினார்.

இரண்டாவது, அப்பா பெல்நாப். மேட்டுப் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தை இழுத்துப் பூட்டினார்.

மூன்றாவது, மகன் ஏமஸ் பெல்நாப். ஓடைப் பாலம் ஆட்டம் கண்டபோது அதைச் சரிசெய்யாமல், கனத்த வண்டிகள் போகக் கூடாது என்று ஒரு பலகையை மட்டும் நட்டுவைத்தான். அன்றிலிருந்து மேட்டுக்குத் தீயணைப்பு வண்டி வருவதில்லை. இந்தக் குளிர்காலத்தில் ஒரு வீட்டுப் புகைபோக்கி பற்றிக்கொண்டபோது, அக்கம்பக்கத்தார் மண்வெட்டியால் பனியை வாரி வீசித்தான் அணைத்தார்கள்.

நான்காவது அநியாயம் பெயரால் வந்தது; அதை ரோவினா யார் தலையில் கட்டுவது? அவளும் ஒரு பெல்நாப்.

ஏதோ ஒரு பசுமாட்டுக்காக எந்தக் காலத்திலோ பிரிந்த வம்சம். அவர்கள் ஆற்றங்கரைப் பெல்நாப், ஊர்க்குழு நாற்காலி பரம்பரையாக அவர்களுக்கு. இவள் மேட்டுப் பெல்நாப். கல்குவாரி வேலைநிறுத்தங்களில் முன்னால் நின்று கைவிலங்கு மாட்டிக்கொண்டவள். அவள் போராடி வாங்கிக்கொடுத்ததற்கெல்லாம் "பெல்நாப்புக்கு நன்றி" என்று ஊர் ஏமஸின் கையைப் பிடித்துக் குலுக்கியது. கைவிலங்குப் படம் மட்டும் அவளுடைய முழுப்பெயரோடு பத்திரிகையில் வந்தது.

இந்த மார்ச் மாத ஊர்க்கூட்டத்தில், ஊர்க்குழு நாற்காலிக்கு ஏமஸை எதிர்த்து அவளே நின்றாள். ஜெயித்தால் முதல் வேலை பாலம்.

வெர்மான்ட் மலையிலிருக்கும் அந்த ஊரில் தேர்தல் ரொம்ப எளிது. டவுன் ஹாலில் எல்லோரும் கூடி, துண்டுச் சீட்டில் பெயர் எழுதிப் பெட்டியில் போடுவார்கள். ஆனால் மூன்று தலைமுறையாக "பெல்நாப்" என்று மட்டும் எழுதிப் பழகிய கைகள் அவை. அன்றும் பாதிச் சீட்டில் அதுதான் இருந்தது.

கூட்டத் தலைவர் மெரில் டட்டில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். முழுப்பெயர் எழுதத் தெரிந்தவர்கள் இன்னொரு முறை ஓட்டுப் போடலாம் என்றார்.

அந்த இடைவெளியில் ரோவினா எழுந்து ஒரு குட்டிப் பிரசங்கமே செய்துவிட்டாள். கடையில் ஓட்ஸ் டப்பா வாங்குவதுபோல மேலே இருக்கிற பேரைப் பார்த்து ஓட்டுப் போடுகிறீர்கள், உள்ளே புழு இருக்கிறதா என்று திறந்து பார்ப்பதில்லை, வாஷிங்டன் வரைக்கும் இதே கதைதான் என்றாள். ஒருநாள் பெட்ரோல் பங்கில் ஏமஸ் அவளிடம் ஒப்புக்கொண்டதையும் விடவில்லை. பாலம் வேண்டும்தான், ஆனால் அதற்காக வரியை ஏற்றினால் ஆற்றங்கரைச் சொந்தங்கள் என் தோலை உரித்துவிடுவார்கள் என்றானாம்.

"கோழை," என்று முடித்தாள்.

ஏமஸ் பூட்ஸில் ஒட்டியிருந்த சேற்றையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மறு ஓட்டை எண்ணினார்கள். சரிசமம்.

மூன்றாவது தடவைக்கு யாருக்கும் பொறுமையில்லை. அடுத்த அறையில் பீன்ஸும் மக்காச்சோள ரொட்டியும் ஆறிக்கொண்டிருந்தன. பழைய வழக்கப்படி தொப்பி வந்தது. போட்டி போடுகிறவர்கள் அவரவர் பெயரை எழுதி மடித்து அதில் போட வேண்டும். தலைவர் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுப்பார். அதில் இருக்கும் பெயருக்கு நாற்காலி.

"முழுப்பேர் எழுதுங்கப்பா," என்றார் மெரில். "நான் பாட்டுக்கு பெல்நாப்னு படிச்சிட்டு, உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல மாட்டிக்க முடியாது."

ரோவினா ஒரே இழுப்பில் எழுதிப் போட்டாள். ஏமஸ் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டு, யோசித்து யோசித்து எழுதினான்.

"என்ன ஏமஸ், உன் பேரோட முன்பாதி இதுவரைக்கும் உனக்குத் தேவைப்பட்டதே இல்ல. அதான் எழுத வரலையா?" என்றாள் ரோவினா.

ஹால் சிரித்தது. ஏமஸும் சேர்ந்து சிரித்தபடி சீட்டைத் தொப்பிக்குள் போட்டான்.

மெரில் கண்ணை மூடித் துழாவினார். ஒன்றை எடுத்துப் பிரித்து, "ரோவினா பெல்நாப்" என்று படித்து மேசைமேல் வைத்தார்.

மேட்டு ஜனம் பெஞ்சைத் தட்டித் தூள் பண்ணியது. ஆற்றங்கரைக்காரர்கள் யாரைத் திட்டுவது, தொப்பியையா? முணுமுணுத்துக்கொண்டே சாப்பாட்டைப் பார்த்து எழுந்தார்கள். ஏமஸ் வந்து கை கொடுத்தான். மழைக்கு முன்னாடி பாலத்தை முடிச்சிடு என்றான்.

ரோவினாவுக்கு அது போதவில்லை. மூன்று தலைமுறையாக ஜெயித்தே பழகிய பேர். தோற்ற பேராக ஒரே ஒரு தடவை இந்த ஹாலில் அது ஒலிக்க வேண்டும்.

"மெரில், தொப்பியில இருக்கிற இன்னொரு சீட்டையும் படிங்க. எல்லாரும் சாட்சியாக் கேக்கட்டும்."

"அது எதுக்கு இப்போ? விடு ரோவினா," என்று ஏமஸ் அவசரமாகத் தொப்பிக்குக் கை நீட்டினான்.

அவள் முந்திக்கொண்டு தொப்பியை நகர்த்தினாள். "ஏன், வலிக்குதா? உட்காருங்க எல்லாரும். பீன்ஸ் எங்கயும் ஓடிப்போயிடாது."

ஆற்றங்கரைச் சொந்தங்கள் உட்பட எல்லோரும் உட்கார்ந்தார்கள்.

மெரில் மிச்சமிருந்த சீட்டைப் பிரித்தார். பார்த்தார். ஏமஸை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு, கடைசி பெஞ்சுக்கும் கேட்கும்படி படித்தார்.

"ரோவினா பெல்நாப்."